கொழந்தைங்க கை விரல் பிரச்சனை, எக்ஸ்ரே: உங்க கேள்விகளும் என் பதிலும்

கேள்வி: மேடம், பையனுக்கு நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டியே பொறந்திருக்கு. கிரகணத்தப்போ நான் வெளிய வந்ததாலதான்னு மாமியார் சொல்லிட்டே இருக்காங்க.

பதில்: இல்லவே இல்லம்மா. கருவுல நாலாவது வாரத்துலருந்து எட்டாவது வாரத்துக்குள்ள கை உருவாகிடும், முதல்ல துடுப்பு மாதிரி தட்டையாதான் இருக்கும், அப்புறம் நடுவுல இருக்கற செல்லெல்லாம் தானா அழிஞ்சு விரல் தனித்தனியா பிரியும், அது சரியா நடக்கலன்னா ஒட்டினபடியே பொறக்கும். சில குடும்பத்துல பரம்பரையா வருது, நெறைய பேருக்கு காரணமே புடிபடாது. கிரகணத்துக்கும் இதுக்கும் துளிகூட சம்பந்தம் இல்ல, இத அவங்களுக்கே படிச்சு காட்டுங்க. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்றது எதுக்குன்னா தோல் மட்டும் ஒட்டியிருக்கா இல்ல உள்ள எலும்பும் சேந்திருக்கான்னு பாக்க, ஆபரேஷன் அத வச்சுதான் முடிவாகும்.

கேள்வி: சுண்டு விரல் பக்கத்துல ஆறாவது விரல். நூல் கட்டினா விழுந்துடும்ங்கறாங்க, கட்டலாமா?

பதில்: வீட்ல கட்டாதீங்க ப்ளீஸ். சீழ் புடிக்கலாம், ரத்தம் வரலாம், பாதி மட்டும் விழுந்து வலிக்கற கட்டியா நிக்கலாம். உள்ள எலும்போ மூட்டோ இருக்கான்னு எக்ஸ்ரேல பாத்துட்டு டாக்டர் எடுக்கட்டும்.

கேள்வி: ஒரு மாசக் கொழந்த டாக்டர், எக்ஸ்ரேல மணிக்கட்டு எலும்பு ஒண்ணுகூட தெரியல!

பதில்: பயப்படாதீங்க, இந்த வயசுல அது குருத்தெலும்பு, எக்ஸ்ரேல விழாது. முதல் சில மாசத்துல ரெண்டு தெரிய ஆரம்பிக்கும், மணிக்கட்டுல இருக்கற எட்டு எலும்பும் தெரிய பத்து பன்னெண்டு வயசுகூட ஆகும். ஆனா முன்கையில ரெண்டு நீள எலும்பு பொறக்கும்போதே தெரியணும். கட்டைவிரல் பக்கத்து எலும்பு, அதான் ரேடியஸ், அது இல்லாம இருந்தா கை அந்தப் பக்கமா வளைஞ்சிருக்கும், கட்டைவிரலும் பெரும்பாலும் சின்னதா இருக்கும் இல்ல இருக்கவே இருக்காது. அப்படின்னா கையோட நிறுத்தவே கூடாது, இதயத்துக்கு எக்கோ, கிட்னிக்கு ஸ்கேன், ரத்தத்துல தட்டணு (ரத்தம் உறைய உதவற ப்ளேட்லெட்) எல்லாம் பாத்தே ஆகணும், ஏன்னா இதெல்லாம் சேந்து பாதிக்கற நோய்ங்க இருக்கு, ஃபான்கோனி அனீமியா மாதிரி சிலதுல ரத்தப் பிரச்சனை சில வருஷம் கழிச்சுதான் வெளிய வரும். யாராவது கைய மட்டும் பாத்து அனுப்பிட்டா நீங்களே கேளுங்க.

கேள்வி: ரெண்டு வயசு பொண்ணுக்கு கட்டைவிரல் நுனி மடங்கியே இருக்கு சிஸ்டர், எக்ஸ்ரே வேணுமா?

பதில்: அடிபடலன்னா பெரும்பாலும் தேவையில்ல. விரல் அடியில சின்ன முடிச்சு கைக்கு தட்டுப்பட்டா அது ட்ரிகர் தம்ப். தசைநாண், அதாவது தசைய எலும்போட இணைக்கற கயிறு மாதிரி நாண், மாட்டிக்குது, டாக்டர் தொட்டுப் பாத்தே சொல்லிடுவாங்க.

கேள்வி: அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தா கதிர்வீச்சு ஆபத்தா?

பதில்: கைக்கு எடுக்கறது ரொம்ப ரொம்ப கம்மி, ஒரு நாள்ல இயற்கையா நம்ம மேல படறத விடவும் கம்மி. தேவைன்னா தயங்காதீங்க, பழைய ஃபிலிம மட்டும் தூக்கிப் போடாதீங்க, வளர்ச்சிய ஒப்பிட்டுப் பாக்க அது கட்டாயம் வேணும்.