தமிழ் வழியில் படித்த நர்ஸ், பிரிட்டன் வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்கு எப்படித் தயாராகலாம்?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு பி.எஸ்சி. நர்சிங், இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு நர்ஸ். ஓஇடி (மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஆங்கிலத் தேர்வு) எழுதுவதா, ஐஇஎல்டிஎஸ் (எல்லோருக்குமான பொது ஆங்கிலத் தேர்வு) எழுதுவதா, கோச்சிங் போகாமல் முடியுமா என்பது கேள்வி.

முடியும். நானும் பள்ளி முழுக்கத் தமிழ் வழிதான். வார்டில் வேலை பார்த்துக்கொண்டே ஓஇடி எழுதி, இப்போது இங்கிலாந்தில் எலும்பு அறுவை சிகிச்சை வார்டில் இருக்கிறேன். ஊரில் தயாராகிறவர்களின் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பதும், போனில் அவர்களோடு ரோல் பிளே பேசிப் பழகுவதும் லீவு நாளில் நான் விரும்பிச் செய்கிற வேலை. அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்குத் தேவையான ஆங்கிலத்தில் பெரும்பகுதி உங்கள் வார்டிலேயே கிடக்கிறது. கேஸ் ஷீட், மருந்துச் சார்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாமே ஆங்கிலம். தினமும் படிக்கிறோம், சுருக்கெழுத்தில் குறிக்கிறோம். ஆனால் முழு வாக்கியமாக ஒருவரிடம் பேசுவதில்லை, ஒருவருக்கு எழுதுவதில்லை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவருவதுதான் தயாரிப்பில் முக்கால்வாசி.

முதலில் மதிப்பெண். பிரிட்டனில் நர்ஸுகளைப் பதிவு செய்யும் என்எம்சி இரண்டு தேர்வையும் ஏற்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்றால் அகாடமிக் வகை எழுத வேண்டும். மொத்தத்தில் 7, லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் ஒவ்வொன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. ஓஇடி என்றால் அந்த மூன்றிலும் பி கிரேடு, அதாவது 500க்கு 350. ரைட்டிங்கில் சி பிளஸ், அதாவது 300 போதும். ஒரே தடவையில் எல்லாம் வரவில்லை என்றால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டலாம். 2023இல் இந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் எந்தத் தேர்விலும் எந்தப் பகுதியும் தேவையானதைவிட அரைப் படிக்கு மேல் கீழே போயிருக்கக் கூடாது. ரைட்டிங்கில் மட்டும் கொஞ்சம் தவறியவர்கள் மனம் தளர்ந்து விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். இந்த விதி அவர்களுக்காகவே இருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தேர்வு என்று கேட்டால் நான் ஓஇடி பக்கம். ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் இரண்டாவது கேள்விக்கு குறைந்தது 250 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். பொதுப் போக்குவரத்து, கல்விக் கட்டணம், விளம்பரம் என்று எதைப் பற்றியும் வரும். கருத்தை எடுத்துவைத்து வாதம் செய்து எழுதும் பயிற்சி நமக்குப் பள்ளியிலும் இல்லை, நர்சிங் கல்லூரியிலும் இல்லை. மற்ற மூன்றிலும் 7 எடுத்தவர்கள்கூட அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஓஇடியில் நீங்கள் எழுதுவது ஒரு நோயாளியைப் பற்றிய கடிதம். பேசுவது நோயாளியிடம். கேட்பதும் படிப்பதும் மருத்துவ விஷயங்கள். கட்டணம்தான் உறுத்தும். நம் பணத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டும், ஐஇஎல்டிஎஸ்ஸைவிட நிறைய. பின்னால் மேற்படிப்புக்கும் அதே மதிப்பெண் வேண்டும் என்றால் ஐஇஎல்டிஎஸ்ஸைப் பரவலாக ஏற்கிறார்கள். இரண்டு தேர்வுகளின் தளங்களிலும் இலவச மாதிரித் தாள் உண்டு. நேரம் வைத்து ஒவ்வொன்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி ஓஇடியின் ஸ்பீக்கிங். நம்மவர்கள் நிறைய இழப்பதும், சரியாகப் பழகினால் சீக்கிரம் மேலே வருவதும் இதில்தான். இரண்டு ரோல் பிளே. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை கொடுப்பார்கள். சுமார் மூன்று நிமிடம் படித்துத் தயாராகலாம், பிறகு ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதிரில் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. பதிவு தனியே மதிப்பீட்டாளர்களுக்குப் போகிறது. அவர்கள் உச்சரிப்பு, சரளம், இலக்கணம் பார்ப்பதோடு, நோயாளியோடு எப்படி உறவு ஏற்படுத்துகிறீர்கள், அவர் கவலையைக் கேட்டு அதற்கு ஏற்றபடி பேசுகிறீர்களா, சொன்னது புரிந்ததா என்று சரிபார்க்கிறீர்களா என்பதையும் பார்க்கிறார்கள்.

நம் வார்டில் ஒரு ஷிப்டில் எத்தனை பேஷன்ட் என்பது உங்களுக்கே தெரியும். உட்கார்ந்து பேச நேரம் இல்லை. விவரமெல்லாம் கூட இருக்கும் அட்டெண்டரிடம்தான் சொல்கிறோம். பேஷன்ட் பயந்தால் "ஒண்ணும் இல்லம்மா, சரியாயிடும்" என்று கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அதே பழக்கத்தில் தேர்வில் எடுத்தவுடன் "டோன்ட் வொரி" என்றால், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்காமலேயே ஆறுதல் சொன்னதாக ஆகிவிடும். ஊசி வேண்டாம் என்று ஒரு நீரிழிவு நோயாளி மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்சுலின் ஏன் அவசியம் என்று உடனே வகுப்பு எடுக்காதீர்கள். எது தயக்கமாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் அம்மா இன்சுலின் ஆரம்பித்த பிறகுதான் காலை இழந்தார் என்று சொல்லலாம். வேலை இடத்தில் எப்படிப் போட்டுக்கொள்வது என்ற கூச்சமாக இருக்கலாம். அதைக் கேட்ட பிறகு நீங்கள் சொல்லும் விளக்கமே வேறாக இருக்கும். அட்டையில் உள்ள எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்று ஓடவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் மணி அடித்தால் அடிக்கட்டும்.

இங்கே வேலைக்கு வந்த பிறகு இது தேர்வுக்கு மட்டும் சொன்னதில்லை என்று புரிந்தது. இங்கே உறவினர் பக்கத்தில் இருப்பது குறைவு. நோயாளியிடமே எல்லாவற்றையும் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எதுவும் செய்ய வேண்டும். அதனால் இந்தப் பகுதிக்குச் செலவிடும் நேரம் வீண் போகாது.

பயிற்சிக்குக் கூட ஒருவர் வேண்டும். அதே தேர்வு எழுதும் ஒரு சக நர்ஸ் போதும். சென்னை, கோவை மருத்துவமனைகளில் இதே தேர்வுக்குப் படிக்கும் மலையாளி நர்ஸுகள் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்தால் தமிழுக்குத் தாவவும் முடியாது. ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி, போனில் பதிவு, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். நோயாளியாக நடிப்பதை ஒதுக்காதீர்கள். நர்ஸ் குறுக்கே பேசினால் எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

உச்சரிப்புக்காக வெள்ளைக்காரர் மாதிரி பேசிப் பழக வேண்டாம். தமிழ் வாசனைக்கு யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, புரியாவிட்டால்தான் குறையும். நம் பேச்சில் கவனிக்க வேண்டியவை சில. 'ஃபீவர்' என்பது 'பீவர்' ஆவது, 'பெட்' என்பதன் கடைசியில் ஒரு 'உ' ஒட்டி 'பெட்டு' ஆவது, 'ஃபிஃப்டீன்' என்றாரா 'ஃபிஃப்டி' என்றாரா என்று கேட்பவர் குழம்புவது. கடைசியானது தேர்வோடு முடிவதில்லை, மருந்தளவு சம்பந்தப்பட்டது. நான் இன்றும் மருந்தளவைச் சொல்லும்போது 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கமாகவும் சேர்த்துச் சொல்கிறேன். அப்புறம் வேகம். பதற்றத்தில் நாம் இரண்டு மடங்கு வேகமாகப் பேசுவோம். பதிவைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

ரைட்டிங்குக்கு 45 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் கேஸ் நோட்ஸ் படிக்க மட்டும், பேனா தொடக் கூடாது. மீதி 40 நிமிடத்தில் 180 முதல் 200 வார்த்தை அளவில் ஒரு கடிதம். பெரும்பாலும் ரெஃபரல் அல்லது டிஸ்சார்ஜ் கடிதம். நோட்ஸில் இருப்பது எல்லாம் கடிதத்துக்குப் போகக் கூடாது, அதுதான் இதில் உள்ள சோதனை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 72 வயதுப் பெண், விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறார். நோட்ஸில் இருப்பவை: பென்சிலின் அலர்ஜி, இருபது வருடத்துக்கு முன் பித்தப்பை எடுத்தது, காயத்தில் உள்ள கிளிப்பை எடுக்க வேண்டிய தேதி, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, வாக்கர் வைத்து நடக்கிறார், மாடி வீட்டில் தனியாக இருக்கிறார், மகள் வெளிநாட்டில், தோட்ட வேலையில் ஆர்வம். கடிதம் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்கு என்றால் காயம், கிளிப் எடுக்கும் தேதி, ஊசி, அலர்ஜி, தனியாக இருப்பது ஆகியவை முன்னால் வர வேண்டும். பித்தப்பை வேண்டாம். அதே நோயாளிக்கு பிசியோதெரபிஸ்டுக்கு எழுதினால் மாடிப்படி, வாக்கர், முன்பு எவ்வளவு நடமாடினார் என்பவை மேலே வரும். தோட்ட வேலைகூட அப்போது உபயோகமாகும், அவர் எதற்குத் திரும்ப ஆசைப்படுகிறார் என்று அது சொல்லுகிறது. ஒரே நோட்ஸை வைத்து இரண்டு பேருக்கு இரண்டு கடிதம் எழுதிப் பாருங்கள். நான் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எதையும் நான் பார்க்கவில்லை.

எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். அதற்கென்றே தனி மதிப்பெண் உண்டு. "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடிக்காதீர்கள், என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இலக்கணத்தில் நமக்கே உரிய ஒரு சறுக்கல், தமிழில் 'அட்மிட் ஆனார்', 'டிஸ்சார்ஜ் ஆனார்' என்று பேசிப் பழகி, ஆங்கிலத்தில் 'ஹீ அட்மிட்டட்', 'ஷீ டிஸ்சார்ஜ்ட்' என்று எழுதிவிடுவது. 'வாஸ்' இல்லாவிட்டால் நோயாளிதான் யாரையோ அட்மிட் செய்தார் என்று ஆகிவிடும். அதேபோல 'யெஸ்டர்டே' என்று நாள் சொல்லிவிட்டால் 'ஹாஸ் பீன்' வராது, 'வாஸ்' தான். 'எ', 'தி' விட்டுப்போவது எல்லோருக்கும் உண்டு. எழுதி முடித்ததும் அதற்காக மட்டும் ஒரு தடவை படியுங்கள்.

ரீடிங்கில் முதல் பகுதிதான் வேகம் கேட்கும். நான்கு சிறு பகுதிகள், 20 கேள்வி, 15 நிமிடம், பிறகு தாளை வாங்கிவிடுவார்கள். வரி வரியாகப் படித்தால் முடியாது. தலைப்பு, அட்டவணை, மருந்தளவு எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடி எடுக்க வேண்டும். பதிலில் எழுத்துப் பிழை கூடாது, பார்த்து எழுதுவதுதானே. மீதி இரண்டு பகுதிக்கும் சேர்த்து 45 நிமிடம். கடைசிப் பகுதியில் எழுதியவரின் கருத்து என்ன என்று கேட்பார்கள், அதற்கு மருத்துவச் செய்திக் கட்டுரைகளை தினம் ஒன்று படிப்பது உதவும்.

லிசனிங்கில் ஒலி ஒரே தடவைதான் ஓடும். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பு காதுக்குப் பழக வேண்டும். பஸ்ஸில் போகும்போது பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' கேளுங்கள். அது எளிதாகத் தோன்ற ஆரம்பித்ததும் மருத்துவப் பாட்காஸ்ட் பக்கம் போங்கள். சப்டைட்டில் வேண்டாம்.

கோச்சிங் பற்றி என் கருத்து இது. கடிதத்தை வரிக்கு வரி திருத்திக் கொடுத்து, ரோல் பிளேயில் உட்கார்ந்து பேசிப் பழக்கினால் அந்தப் பணத்துக்கு அர்த்தம் உண்டு. கடின வார்த்தைப் பட்டியலும் எல்லா நோய்க்கும் பொருந்தும் ஒரே கடித வார்ப்பும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். மனப்பாட வாக்கியத்தை மதிப்பீட்டாளர்கள் எளிதாகக் கண்டுபிடிப்பார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. நர்ஸுகளுக்கு இப்போது என்ன பயிற்சி, என்ன வேலைவாய்ப்பு என்று அங்கேயும் விசாரியுங்கள். தனியார் ஏஜென்ட் யாராவது பிரிட்டனில் வேலை வாங்கித் தர உங்களிடம் பணம் கேட்டால் விலகுங்கள். வேலை தேடித் தருவதற்கு நர்ஸிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் நெறிமுறை.

நைட் ட்யூட்டி முடித்துவிட்டு வந்து ரைட்டிங் பயிற்சி எழுதாதீர்கள், அன்று லிசனிங் மட்டும் போதும். கடிதமும் மாதிரித் தாளும் வார விடுமுறை நாளுக்கு. நேரம் வைத்து எழுதும் மாதிரித் தாளில் 350 தொடர்ந்து வர ஆரம்பித்த பிறகு தேதி பதிவு செய்யுங்கள். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். அதற்குப் பிறகு சிபிடி எனும், கணினியில் எழுதும் நர்சிங் தேர்வும் மற்ற காகித வேலைகளும் இருக்கின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இன்ஷியல் ஒரு தொல்லை. மார்க் ஷீட்டிலும் நர்சிங் கவுன்சில் பதிவிலும் 'எஸ். மலர்விழி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து 'மலர்விழி செல்வராஜ்' என்று இருக்கும். தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்து மாறாமல் கொடுங்கள். தேர்வு மையத்தில் அடையாளமாக அதைத்தான் கேட்பார்கள். சான்றிதழ்களில் பெயர் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்பதற்கு என்ன ஆவணம் ஏற்பார்கள் என்று என்எம்சியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.