டிமென்ஷியாவை மொபைல் ஆப் ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்குமா?
சந்தேகத்தைக் காட்டும், அவ்வளவுதான். டிமென்ஷியா என்பது சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மறதி இல்லை. காலமெல்லாம் குறுவை, சம்பா பார்த்தவர் விதைநெல் கணக்கில் தடுமாறுவது, சொந்தத் தெருவிலேயே வழி தவறுவது என்று அன்றாட வேலையே கெடுகிற அளவுக்கு மூளை பழுதாவது. அந்தப் பழுது வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கிவிடும். அதனால்தான் ஆற்றில் தண்ணீர் வருமுன் கரையில் கசிவு பார்ப்பது போல, வீட்டுக்கே வருகிற சுகாதாரப் பணியாளர் ஆப்பைத் திறந்து சில வார்த்தைகள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார், ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகப் பெயர் வருகிறது என்று எண்ணுவார். இந்த மாதிரிச் சோதனைகளில் கடிகாரம் வரையச் சொல்வதும் உண்டு. பள்ளிக்கூடமே போகாத ஆச்சியிடம் அதைக் கேட்டால் முடிவு தப்பாக வந்துவிடலாம், பாவம். அப்புறம், மதிப்பெண் குறைந்தாலே டிமென்ஷியா என்று பலர் பயப்படுகிறார்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, ஏன், காது மந்தம்கூடக் காரணமாக இருக்கலாம், அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.