சின்னக் கடைக்கு இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்னால நெஜமாவே வியாபாரம் வருமா?

வரும், ஆனா நீங்க எதிர்பாக்குற எடத்துல இருந்து வராது. எங்களுது கடலூர் முதுநகர்ல கருவாட்டுக் கடை, அப்பா காலத்துக் கடை. ரீல்ஸ் போடுறது தங்கச்சி, பார்சல் கட்டுறது நானு. விடியக்காலைல போட்ல இருந்து மீன் எறக்குறத அவ ஒரு ரீல் போட்டா, செமயா ஓடுச்சு, கமெண்ட்ல பாதிப் பேரு இந்தில என்னென்னமோ கேக்குறான், ஆர்டர்னு பாத்தா சொல்லிக்கிற மாதிரி எதுவும் வரல. ரீல் வேணாம்னு சொல்லல, கடை பேரு நாலு பேருக்குத் தெரிய அது வேணும்தான். ஆனா எங்களுக்குக் காசு வர்றது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல.

அதுல ஒரு விஷயம் நெறைய பேரு கவனிக்கிறதில்ல. நீங்க போடுற ஸ்டேட்டஸ் அவங்களுக்குத் தெரியணும்னா அவங்க நம்பர் உங்ககிட்டயும் உங்க நம்பர் அவங்ககிட்டயும் சேவ் ஆகியிருக்கணும். பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் (ஒரே மெசேஜ நெறைய பேருக்குத் தனித்தனியா அனுப்புற வசதி) அப்படித்தான், ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா உங்க நம்பர சேவ் பண்ணாதவங்களுக்கு அது போகவே போகாது. அதனால கடைக்கு யாரு வந்தாலும் காசு வாங்கும்போதே "அக்கா, ஒரு ஹாய் போட்டு நம்பர சேவ் பண்ணிக்கோங்க, நல்ல சரக்கு வந்தா ஸ்டேட்டஸ்ல போடுறேன்"னு சொல்லிடுவேன். நான் சேவ் பண்றப்ப ஊரு, என்ன வாங்குவாங்கன்னும் சேத்தே போட்டுக்குவேன், "நெய்வேலி டீச்சரக்கா சென்னாக்குன்னி" இந்த மாதிரி (சென்னாக்குன்னின்னா பொடி எறா கருவாடு). அடுத்த தடவ சென்னாக்குன்னி வந்ததும் அவங்களுக்குத் தனியா ஒரு போட்டோ, அவ்ளோதான், ஜிபே வந்துரும்.

ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பிச்சாங்க, "தம்பி, நெத்திலில மண்ணு இருக்குமாப்பா, போன தடவ வேற எடத்துல வாங்கி பல்லுல நறநறன்னு கடிபட்டுச்சு"ன்னு. கடற்கரை மணல்லயே கொட்டிக் காயவெச்சா மண்ணு ஒட்டத்தான் செய்யும், வலை விரிச்சு அதுமேல காயவெச்சா ஒட்டாது. இத டைப் பண்ணிப் புரியவெக்கிறதுக்கு பதிலா ஒரு கை நெத்திலிய கண்ணாடி பவுல்ல தண்ணி ஊத்திப் போட்டு, அலசி, அடியில என்ன நிக்குதுன்னு வீடியோ எடுத்து அனுப்பிட்டேன். அதையே ஸ்டேட்டஸ்லயும் வெச்சேன். எடிட்டிங் இல்ல பாட்டு இல்ல, துறைமுகம் ரீல விட இதுக்குத்தான் ஆர்டர் அதிகம். வாங்குறவங்களுக்கு என்ன பயம் இருக்கோ அதக் காட்டுங்க, "குட் மார்னிங்" போஸ்டர் யாருக்கு வேணும்?

அப்புறம் இந்த "வெலைக்கு டிஎம் பண்ணுங்க" பழக்கத்த தயவுசெஞ்சு விட்டுருங்க, எனக்கே எரிச்சலா இருக்கும். கிலோ என்ன வெல, கூரியர் எவ்ளோன்னு போஸ்ட்லயே போட்டா வெட்டியா விசாரிக்கிறவன் கொறைவான், வாங்குறவன் நேரா அட்ரஸ் அனுப்புவான். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் ஃப்ரீதான், அதுல கேட்டலாக்ல வெலையோட போட்டு வெச்சுக்கலாம்.

போடுற நேரமும் பாக்கணும். எங்க சரக்குக்கு வெள்ளிக்கெழம போட்டா திட்டு விழும், புரட்டாசில சுத்தமா அடக்கி வாசிக்கணும். ஆனா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், பெரிய போட் எதுவும் கடலுக்குப் போகாது, பச்சமீன் வெல ஏறிடும், அப்ப தெனமும் காலைல பத்து மணி வாக்குல, இன்னிக்கு என்ன கொழம்புன்னு யோசிக்கிற நேரமா பாத்து போடுவோம். உங்க தொழிலுக்கும் இப்படி ஒரு சீசன் கண்டிப்பா இருக்கும்.

கூகுள் மேப்ல கடைய ஏத்திருங்க, அதுக்கும் காசு கெடையாது, பாண்டிக்கு டூர் வர்றவங்க மேப் பாத்துட்டு இங்க வரைக்கும் வர்றாங்க. காசு கட்டி போஸ்ட்ட பூஸ்ட் பண்றதா இருந்தா ஊர செலக்ட் பண்ணிட்டு பண்ணுங்க, கூரியர் போகாத ஊர்க்காரன் லைக் போட்டு நமக்கு என்ன ஆகப்போகுது. என்ன கடைன்னு நீங்க சொல்லவே இல்லையே, கமெண்ட்ல சொன்னா இன்னும் வெவரமா சொல்றேன்.