சுரங்கத்தை எதிர்த்ததால் கொல்லப்பட்ட இளம் போராளிகளில் உங்களால் மறக்க முடியாதவர் யார்?

தொபாசியோ ரெய்னோசோ. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் மத்தாகெஸ்குயின்ட்லா என்ற மலையூர்ப் பெண். 2014 ஏப்ரல் 13 அன்று அவளைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 16.

காபியும் காய்கறியும் விளைவித்துப் பிழைக்கும் பகுதி அது. பக்கத்து ஊரான சான் ரஃபேல் லாஸ் ஃப்ளோரெஸில் மண்ணுக்கடியில் ஏராளமாக வெள்ளி இருந்தது. அதை எடுக்க டாஹோ ரிசோர்சஸ் நிறுவனம் எஸ்கோபால் சுரங்கத்தைத் தொடங்கியது. ஊற்று வற்றிவிடும், தண்ணீர் கெட்டுவிடும் என்று சனங்கள் பயந்தார்கள். விவசாயிக்கு இதைவிட நியாயமான பயம் வேறென்ன இருக்க முடியும்? 2012 நவம்பரில் மத்தாகெஸ்குயின்ட்லாவில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 95 சதவீதத்துக்கும் மேல் ‘வேண்டாம்’ என்றார்கள். தொபாசியோவுக்கு அப்போது ஓட்டுப்போடும் வயதுகூட ஆகவில்லை.

அவளை வெறும் பலியாக மட்டும் நினைவுகூர்வது எனக்கு உறுத்தும். ஓட்டில்லாத வயதில் அவள் ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டினாள். இசையிலும் கவிதையிலும் ஈடுபாடு கொண்டவள். அதையும் போராட்டத்துக்குள் கொண்டுவந்தாள். அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்! 2013 ஏப்ரலில் சுரங்கத்துக்கு உரிமம் கிடைத்தது. அதே மாதம் 27ஆம் தேதி, சுரங்க வாசலில் நின்ற போராட்டக்காரர்கள் மீது நிறுவனத்தின் காவலர்கள் சுட்டார்கள். மே மாதம் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. பெரியவர்களே வெளியே வரத் தயங்கியிருக்கக்கூடிய சூழலிலும் அந்தப் பெண் ஒதுங்கவில்லை.

அவள் கொல்லப்பட்ட அன்று கூடவே அப்பா அலெக்ஸ் ரெய்னோசோவும் இருந்தார். போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் அவர். குண்டடிபட்டு நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்த பிறகுதான் மகள் இல்லை என்று சொன்னார்கள். இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு மேலே படிக்க முடிவதில்லை. 2015இல் அவரை மறுபடியும் சுட்டார்கள். பிழைத்துக்கொண்டார், போராட்டத்தை விடவில்லை.

சரி, சுரங்கம் என்ன ஆனது? 2017இல் நீதிமன்றம் நிறுத்தியது. அப்பகுதியின் பூர்வகுடிகளான ஷிங்கா மக்களிடம் முறைப்படி கருத்துக் கேட்க வேண்டும் என்று 2018இல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்களைக் கேட்காமல் தோண்டாதே என்று ஊர் ஆரம்பத்திலிருந்து சொன்னதும் இதைத்தானே! 2025 மே மாதம் அந்த மக்களின் பிரதிநிதி அமைப்பான ஷிங்கா நாடாளுமன்றம் சுரங்கத்துக்குச் ‘சம்மதமில்லை’ என்று அறிவித்தது.

அப்புறம், டாஹோவை வாங்கிய பான் அமெரிக்கன் சில்வர் நிறுவனம் 2019இல் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பு 2013 துப்பாக்கிச் சூட்டுக்கானது. தொபாசியோவைக் கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை.