எந்த ஸ்கோரை அனுப்புவது, எதை விடுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பருவம் இது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஸ்ஏடி போன்ற சேர்க்கைத் தேர்வுகளின் ஸ்கோரை அனுப்புவது பற்றியே கேட்கின்றன. ஒரே கேள்வி நான்கைந்து பேரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மகள் எஸ்ஏடி இரண்டு முறை எழுதினாள். முதல் முறை ரீடிங்-ரைட்டிங் 680, கணிதம் 760, மொத்தம் 1440. இரண்டாம் முறை 730, 720, மொத்தம் 1450. இரண்டாவதை மட்டும் அனுப்பினால் போதும்தானே? (மதுரை)

போதாது, நாற்பது மதிப்பெண் கையை விட்டுப் போகும். சூப்பர்ஸ்கோர் பார்க்கும் கல்லூரி ஒவ்வொரு பிரிவிலும் உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும்: 730 + 760 = 1490. இந்தக் கூட்டலைக் கல்லூரிதான் செய்யும், எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டு செய்து அனுப்பாது. ஆகவே இரண்டு தேதிகளும் போக வேண்டும். ஒரு கல்லூரிக்கு ஒரு அறிக்கைக் கட்டணம்தான், இரண்டு தேதிக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை. பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாகப் போகும் காமன் ஆப்பில் நீங்களே ஸ்கோரை நிரப்பும்போதும் பிரிவுவாரியாக உயர்ந்த மதிப்பெண்ணையும் அது வந்த தேதியையும் தனித்தனியாகத்தான் கேட்பார்கள். 1450 என்ற மொத்தத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு கட்டத்திலும் ஒரே தேதியைப் போட்டுவிடாதீர்கள்.

சூப்பர்ஸ்கோர் பார்க்காத கல்லூரிகளும் உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் இந்த ஆண்டுக்கான பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

எந்தத் தேதியின் ஸ்கோரை அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கும் ஸ்கோர் சாய்ஸ் இருக்கிறதே, ஒரு தேதியின் கணித மதிப்பெண்ணை மட்டும் அனுப்ப முடியுமா?

முடியாது. ஒரு தேதி என்றால் அன்றைய இரண்டு பிரிவுகளும் சேர்ந்துதான் போகும்.

பதிவுக் கட்டணத்தோடு நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம் என்கிறார்கள். உடனே கொடுத்துவிடலாமா? (திருச்சி)

அந்தச் சலுகை தேர்வு முடிந்து ஒன்பது நாள்வரைதான். ஸ்கோர் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதாவது எவ்வளவு வந்தது என்றே தெரியாமல் அனுப்புகிறீர்கள். முதல் முறை எழுதுபவர்கள் தொட வேண்டாம். ஏற்கெனவே நல்ல ஸ்கோர் கையில் இருந்து, அந்தக் கல்லூரி சூப்பர்ஸ்கோரும் பார்க்கும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பிறகு அனுப்பினால் ஒரு கல்லூரிக்குச் சுமார் 15 டாலர். தெரியாத ஸ்கோரை அனுப்பிவிட்டுத் தவிப்பதைவிட அது மலிவு.

அதைவிட முக்கியம்: பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பத்தில் நீங்களே குறிப்பிடும் ஸ்கோரை ஏற்றுக்கொள்கின்றன. இடம் கிடைத்துச் சேர முடிவு செய்த பிறகு அந்த ஒரே கல்லூரிக்கு அதிகாரபூர்வ அறிக்கை அனுப்பினால் போதும். பதினைந்து கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் குடும்பம் இதைப் படிக்காமல் இருநூறு டாலருக்கு மேல் கட்டிவிட்டுப் பிறகு எனக்கு எழுதுகிறது.

பொறியியலுக்குப் போகும் பையனுக்கு 1460, அதில் கணிதம் 790. பட்டியலில் உள்ள பத்துக் கல்லூரிகளும் டெஸ்ட் ஆப்ஷனல் (ஸ்கோர் கட்டாயமில்லை) என்று கோவிட் காலத்தில் விண்ணப்பித்த உறவினர் சொன்னார். 1500க்குக் கீழ் இருந்தால் அனுப்பவே கூடாது, ஸ்கோர் இல்லாமல் போடுங்கள் என்கிறார் ஆலோசகர். சரியா? (சென்னை)

முதலில் பட்டியல். அதில் எம்ஐடி இருக்கிறது, ஜார்ஜியா டெக் இருக்கிறது, யூடி ஆஸ்டின் இருக்கிறது. மூன்றுமே ஸ்கோர் கட்டாயம் கேட்பவை. எம்ஐடி 2022-இலேயே கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் 2024-இல் அறிவித்தன. கோவிட் காலத்தில் விண்ணப்பித்த உறவினர் சொன்னதை வைத்து 'பத்தும் ஆப்ஷனல்' என்று எழுதிவிட்டீர்கள். ஸ்கோர் கட்டாயமான இடத்தில் ஸ்கோர் இல்லாத விண்ணப்பம் முழுமையடையாத விண்ணப்பம். அதை யாரும் எடுத்துப் படிக்க மாட்டார்கள். கல்லூரியின் தளம், இந்த ஆண்டுக்கான பக்கம்: இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இனி அந்த 1500 கணக்கு. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே கோடு போடும் ஆலோசனை எனக்கு அறவே ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு ஆண்டும் நல்ல ஸ்கோர் வைத்திருக்கும் பிள்ளைகளை இது வெறுங்கையோடு அனுப்பிவைக்கிறது. கோடு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதைக் கண்டுபிடிக்க ஆலோசகருக்குப் பணம் கட்ட வேண்டாம். கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். கல்லூரி ஆண்டுதோறும் தரும் புள்ளிவிவரத் தொகுப்பு அது, பெரும்பாலான கல்லூரிகள் பிடிஎஃப் ஆக வெளியிடுகின்றன. அதில் சி9 என்ற பகுதிக்குப் போங்கள். சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்ஏடி கொடுத்தார்கள், 25, 50, 75-ஆம் பெர்சன்டைலில் எவ்வளவு என்று பிரிவுவாரியாக இருக்கும்.

இதைப் படிப்பதில்தான் தவறு நடக்கிறது. 25-ஆம் பெர்சன்டைல் 1470 என்றால் அதற்குக் கீழ் யாரையும் எடுக்கவில்லை என்று பொருளல்ல. ஸ்கோர் கொடுத்துச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் அதற்குக் கீழே. அடுத்து, கொடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பாதிப் பேர்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்த எண்கள் செயற்கையாக உயர்ந்தவை. குறைந்த ஸ்கோர்காரர்கள் மறைத்துக்கொண்டதால் மிச்சம் இருப்பது மேல்பாதிதான். அடுத்த ஆண்டு இந்த உயர்ந்த எண்ணைப் பார்த்து இன்னும் சிலர் மறைப்பார்கள், எண் இன்னும் ஏறும். இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. அதே கல்லூரியின் 2019-20 காமன் டேட்டா செட்டையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கோவிடுக்கு முன், பெரும்பாலான பெரிய கல்லூரிகள் எல்லாரிடமும் ஸ்கோர் கேட்ட காலம் அது. இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் உண்மையான நிலவரம் இருக்கும்.

மறைப்பது சிலருக்கு எதிராகவே முடிகிறது என்பது டார்ட்மத் தன் விண்ணப்பங்களை ஆராய்ந்து 2024-இல் சொன்ன காரணங்களில் ஒன்று. வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள், தங்களுக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய 1400-க்கு மேற்பட்ட ஸ்கோரைக்கூட அனுப்பாமல் விட்டிருந்தார்கள்.

என் கணக்கு இது. நடு எண்ணிலோ (50-ஆம் பெர்சன்டைல்) அதற்கு மேலோ இருந்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். 25-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலும் அனுப்பலாம், அதுவும் உங்கள் பள்ளியிலிருந்து அந்தக் கல்லூரிக்கு இதற்குமுன் யாரும் போனதில்லை என்றால் கட்டாயம் அனுப்புங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 95 சதவீதம் என்றால் உங்கள் பள்ளியில் அது எந்த இடம் என்று அங்கே உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிப்பவருக்குத் தெரியாது. அவருக்குப் பழக்கமான ஒரே எண் அந்த ஸ்கோர்தான். 25-க்குக் கீழ் போனால் பொதுவாக விட்டுவிடலாம். பிரிவையும் பாருங்கள். உங்கள் மகன் பொறியியலுக்குப் போகிறார், 1460-இல் கணிதம் 790 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 790-ஐ மறைக்கச் சொல்லும் ஆலோசகருக்கு என்ன கட்டணம் கொடுத்தீர்களோ தெரியாது.

ஒரு எச்சரிக்கை. சி9 எண்கள் உள்நாட்டவர், வெளிநாட்டவர் எல்லாரையும் சேர்த்தவை. பெரிய நிதியுதவி கேட்கும் இந்திய மாணவருக்குப் போட்டி கடுமை. அப்படிப்பட்டவர்கள் 25-க்கும் 50-க்கும் இடைப்பட்ட ஸ்கோரைக் கொஞ்சம் கூடுதலாக யோசித்து அனுப்புங்கள். மதிப்பெண் அட்டவணை வைத்து உதவித்தொகை கொடுக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கைக்கு ஸ்கோர் வேண்டாம், உதவித்தொகைக்கு வேண்டும் என்று இருக்கலாம். அதையும் தனியாகப் பாருங்கள்.

நான்கு முறை எழுதியதில் முதல் முறை 1210. ஜார்ஜ்டவுனுக்கு அதை மட்டும் விட்டுவிடலாமா?

கூடாது. ஜார்ஜ்டவுன் எழுதிய எல்லாத் தேர்வையும் கேட்கிறது, ஸ்கோர் சாய்ஸ் அங்கே செல்லாது. காலேஜ் போர்டின் தளம் உங்களைத் தடுக்காது, ஆனால் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்திடுவது எல்லாம் உண்மை என்றுதான். 1210-இலிருந்து 1500-க்கு ஏறிய மாணவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

யூசி பெர்க்லி, யூசிஎல்ஏ இரண்டுக்கும் 1540 அனுப்பிவிட்டோம். உதவுமா?

சேர்க்கைக்கு உதவாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எதுவும் சேர்க்கையிலோ உதவித்தொகையிலோ எஸ்ஏடி, அதற்கு மாற்றான ஏசிடி இரண்டையும் பார்ப்பதில்லை. கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகங்களும் அப்படியே. அனுப்பிய பணம் போனது போனதுதான்.

ஏசிடி 33, எஸ்ஏடி 1440. இரண்டையும் அனுப்பினால் பலமா? (கோவை)

ஏசிடி 33 ஏறக்குறைய எஸ்ஏடி 1460-க்குச் சமம் (32 என்றால் 1430, 34 என்றால் 1500). பெரிய வித்தியாசமில்லை, ஏசிடி மட்டும் போதும். எஸ்ஏடி கணிதம் 800 ஆக இருந்து பொறியியலுக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் அனுப்பக் காரணம் இருக்கிறது. 2025 முதல் ஏசிடியில் அறிவியல் பிரிவு விருப்பத்தேர்வாகி, மொத்த ஸ்கோர் ஆங்கிலம், கணிதம், ரீடிங் மூன்றின் சராசரியாகிவிட்டது. அறிவியலைக் கேட்கும் கல்லூரியா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஏபி தேர்வுகளில் (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வு, உச்ச மதிப்பெண் 5) 5, 5, 4, 2. அந்த 2-ஐக் காட்ட வேண்டுமா?

காமன் ஆப்பில் எதை நிரப்புவது என்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம், 2-ஐ விடுங்கள். யேல் விதிவிலக்கு. எஸ்ஏடிக்குப் பதிலாக ஏபி காட்டலாம் என்கிறார்கள், ஆனால் அப்படிக் காட்டினால் விண்ணப்பிக்கும்முன் எழுதிய எல்லா ஏபியும் வர வேண்டும். சேர்ந்தபின் அனுப்பும் அதிகாரபூர்வ ஏபி அறிக்கையிலும் எல்லா மதிப்பெண்ணும் இருக்கும். நிறுத்திவைக்க வேண்டுமென்றால் காலேஜ் போர்டுக்குத் தனிப் படிவம் உண்டு. ஆனால் இடம் கிடைத்த பிறகு ஒரு 2 யாரையும் வெளியேற்றாது.

ஸ்கோர் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. கல்லூரி 'வரவில்லை' என்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் காலியாக இருப்பதால் காமன் ஆப்பில் அப்பா பெயரைப் போட்டோம், எஸ்ஏடி பதிவில் இனிஷியல் மட்டும். (தஞ்சாவூர்)

ஸ்கோர் போய்ச் சேர்ந்திருக்கும், உங்கள் விண்ணப்பத்தோடு பொருந்தியிருக்காது. பெயர், பிறந்த தேதி இரண்டையும் வைத்துத்தான் இணைக்கிறார்கள். ஒன்றில் 'எஸ்', இன்னொன்றில் 'சுந்தரம்' என்றால் கணினிக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். இன்றே கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: விண்ணப்ப எண், பிறந்த தேதி, எஸ்ஏடி எழுதிய தேதி, இரண்டு பெயர் வடிவங்கள். பொதுவாக கையாலேயே இணைத்துவிடுவார்கள். கூடவே காலேஜ் போர்டு கணக்கில் பெயரைத் திருத்தக் கேளுங்கள்.

பத்தாம், பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் இருப்பவர்கள் இப்போதே கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பப்பெயர் காலியாக இருந்தால் தேர்வுப் பதிவுக்கு முன்னால் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி, அங்கே வங்கிக் கணக்குவரை தொடரும். எஸ்ஏடி, டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு), காமன் ஆப் மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

ஆங்கிலத் திறன் தேர்வுகளில் டுவோலிங்கோ 125, டோஃபல் 98. எதை அனுப்புவது?

இரண்டையும் ஏற்கும் கல்லூரிக்கு, அதன் குறைந்தபட்சத்தை எது தெளிவாகத் தாண்டுகிறதோ அது. டுவோலிங்கோ எத்தனை கல்லூரிக்கும் இலவசம். இரண்டு ஸ்கோருமே இரண்டு ஆண்டுதான் செல்லும். டோஃபலுக்கு 2026 ஜனவரி முதல் 1-6 என்ற புதிய அளவுகோல் வந்திருப்பதால் கல்லூரி எந்த அளவுகோலில் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட் எப்போது பதிவு செய்வது?

அந்தத் தேர்வை 2021-இலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள்.

பிஎஸ்ஏடி, ஜேஇஇ மெயின் ஸ்கோரை எங்கே போடுவது?

பிஎஸ்ஏடி என்பது எஸ்ஏடிக்கான முன்னோட்டத் தேர்வு, அதை எங்கும் போட வேண்டாம். ஜேஇஇயில் மிக நல்ல பெர்சன்டைல் என்றால் கூடுதல் தகவல் பகுதியில் ஒரு வரி, எத்தனை லட்சம் பேர் எழுதியது என்ற குறிப்போடு. எஸ்ஏடிக்கு மாற்றாக அதை நினைக்காதீர்கள்.

காமன் ஆப்பில் 1470-க்குப் பதில் 1480 என்று தட்டி, அனுப்பியும் விட்டோம்.

இன்றே எழுதித் திருத்துங்கள். சில கல்லூரிகளின் மாணவர் போர்ட்டலில் ஸ்கோரைத் திருத்தும் வசதியே இருக்கிறது, இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும். இப்போது சொன்னால் அது தட்டச்சுப் பிழை. இடம் கிடைத்தபின் அதிகாரபூர்வ அறிக்கையில் அவர்களே கண்டுபிடித்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு.