யாக்கோபு ஏமாற்றுக்காரனானது ரெபெக்காளின் பாரபட்சத்தாலா?

முழுப் பழியையும் ரெபெக்காள் தலையில் கட்ட முடியாது. வெளியிலிருந்து களைத்து வந்த அண்ணன் ஏசாவை, ஒரு வேளைப் பயற்றங்கூழுக்காகச் சேஷ்டபுத்திரபாகத்தையே, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையையே, ஆணையிட்டு விற்கவைத்தவன் யாக்கோபு. அந்த இடத்தில் அம்மாவைப் பற்றிப் பேச்சே இல்லை. நேரம் பார்த்துப் பேரம் பேசும் புத்தி அவனுக்குச் சொந்தமாகவே இருந்தது.

பாரபட்சமும் அவளோடு நிற்கவில்லை. ஏசா கொண்டுவரும் வேட்டைக்கறி ருசித்ததால் அப்பா ஈசாக்குக்கு மூத்தவன்மேல் பிரியம் என்று பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 25ஆம் அதிகாரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. ரெபெக்காள் பக்கமாவது ஒரு நியாயம் உண்டு. வயிற்றில் பிள்ளைகள் மோதிக்கொண்டபோது கர்த்தரிடம் விசாரித்து, மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்ற பதிலை வாங்கியவள் அவள். (நான் வீட்டுக்கு மூத்த பிள்ளை, எனக்கு ஏசா பக்கம்தான் சாய்வு. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, அம்மாவின் பங்கு எங்கே? 27ஆம் அதிகாரத்தில். கண் மங்கிய ஈசாக்கு, மூத்தவனை ஆசீர்வதிக்க நினைத்து அவனை வேட்டைக்கு அனுப்புகிறார். அது காதில் விழுந்ததும் ரெபெக்காள் யாக்கோபை அழைத்து, இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளைக் கொண்டுவா, நான் சமைத்துத் தருகிறேன், நீ கொண்டுபோய்க் கொடு என்கிறாள். அவன் தயங்குகிறான். அப்பாவை ஏமாற்றுவது தப்பு என்பதற்காக இல்லை. அண்ணனுக்கு உடம்பெல்லாம் முடி, எனக்கு இல்லை, அப்பா தடவிப் பார்த்துவிட்டால் சாபம்தானே கிடைக்கும் என்பதுதான் கவலை. "உன்மேல் வரும் சாபம் என்மேல் வரட்டும்" என்கிறாள் அம்மா. அவ்வளவுதான், பையன் கிளம்பிவிட்டான். பையன் என்கிறேனே தவிர, ஏசாவுக்கு 40 வயதில் கல்யாணமான பிறகு நடந்தது இது. யாக்கோபின் மகன் யோசேப்பின் வயதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் யாக்கோபுக்கு 77 வரும்! அந்த வயது மகனின் கையிலும் கழுத்திலும் அம்மா ஆட்டுத்தோலைப் போர்த்திவிடுகிறாள்.

பொய்யை அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் வேட்டை எப்படிக் கிடைத்தது என்று ஈசாக்கு கேட்டபோது, கர்த்தர் கிடைக்கப்பண்ணினார் என்று அவர் பேரையே இழுத்தது யாக்கோபின் சொந்தச் சரக்கு. ஆனால், மாட்டிக்கொண்டாலும் நம் தலைக்கு எதுவும் வராது என்ற தைரியத்தைக் கொடுத்தவள் ரெபெக்காள். அவள் செய்த கேடு அதுதான் என்பேன்.

ஏசாவின் கோபம் தணியும்வரை கொஞ்ச நாள் ஆரான் ஊரில் என் சகோதரன் லாபானிடம் இரு என்று அனுப்பினாள். 20 வருஷம் ஆகிவிட்டது. அவள் மகனை மறுபடி பார்த்ததாக வேதத்தில் ஒரு வரி கூட இல்லை. லாபானின் இளைய மகள் ராகேலுக்காக 7 வருஷம் உழைத்தவனுக்கு லாபான் மூத்த மகள் லேயாளைக் கட்டிவைத்த கதையைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதைவிட 31ஆம் அதிகாரம் முக்கியமாகப் படுகிறது. மிருகம் பீறிப்போட்ட ஆட்டைக்கூட உம்மிடம் கொண்டுவராமல் நஷ்டத்தை நானே ஏற்றேன், பகலில் வெயிலும் ராத்திரியில் குளிரும் என்னை வாட்டின, தூக்கமே இல்லை என்று யாக்கோபு மாமாவிடம் கொட்டித் தீர்க்கிறான். தந்திரம் முழுக்கப் போகவில்லைதான், அங்கிருந்தும் சொல்லாமல்தான் ஓடிவந்தான். ஆனாலும் ஊர் திரும்பும் வழியில் 400 பேரோடு வந்த ஏசாவுக்கு எதிரே, குடும்பத்துக்கு முன்னால் தானே நடந்து போய் ஏழு தரம் தரையில் குனிந்து வணங்கியவனும் அவன்தான்.

ஆனால் பாரபட்சம் அவனையும் விடவில்லை. அன்றைக்குக் குடும்பத்தை அவன் நிறுத்திய வரிசையைப் பாருங்கள். வேலைக்காரிகளும் அவர்கள் மூலம் அவனுக்குப் பிறந்த பிள்ளைகளும் முதலில், அப்புறம் லேயாளும் பிள்ளைகளும், ராகேலும் அவள் மகன் யோசேப்பும் கடைசியில். ஏசா வெட்ட வந்திருந்தால் யார் முதலில் சாவார்கள் என்று மற்ற பிள்ளைகளுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? யோசேப்புக்குத் தைத்துக் கொடுத்த பலவருண அங்கியெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.