தயிரை விட்ட மகளும் எரியும் பாதமும்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 24 வயது. போன புரட்டாசி விரதம் முடிந்ததும் "இனி நான் வீகன்" என்று சொல்லிவிட்டாள். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. எங்கள் ஆயா முப்பது வருடம் சைவமாகவே இருந்தார், ஒரு குறையும் வரவில்லை. சைவமும் வீகனும் ஒன்றுதானே? பிறகு ஏன் இரத்தச் சோதனை, மாத்திரை என்று என் அக்கா பயமுறுத்துகிறாள்? எனக்கு 54 வயது. சர்க்கரைக்கு 8 வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். 3 வருடமாக நானும் சைவம்தான். இரவில் பாதம் எரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: அம்மா, இரண்டும் ஒன்றல்ல. உங்கள் ஆயா சாப்பிட்ட சைவத்தில் தயிரும் மோரும் இருந்திருக்கும். உங்கள் மகளின் தட்டில் அவை இல்லை. மருத்துவராக நான் கவலைப்படுவதெல்லாம் அந்த ஒரு டம்ளர் மோரைப் பற்றித்தான், அதில் இருக்கும் வைட்டமின் பி12 பற்றித்தான்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீடுகளில் சைவம் என்றால் கறி, மீன், முட்டை கிடையாது. பால், தயிர், நெய் உண்டு. ஆங்கிலேயர் சொல்லும் வெஜிடேரியனில் பெரும்பாலும் முட்டையும் சேரும். அதனால்தான் வெஜிடேரியன் என்று எழுதிய கேக்கில் முட்டை இருக்கிறது. சில சீஸ் வகைகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பதும் உண்டு. விரத நாட்களில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் உண்டாக்கியது. தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். விலங்கிடமிருந்து வரும் எதுவும் வேண்டாம் என்பது அதன் கொள்கை. உணவோடு அது நிற்பதில்லை. தோல் செருப்பு, கம்பளி, பட்டு எல்லாமே விலக்குதான்.

ஆகவே நாளைக்குக் கல்யாணத்தில் பட்டுப் புடவை வேண்டாம் என்பாள். தைப்பூசத்தில் பால்குடம் எடுக்க மாட்டேன், பூக்காவடி எடுக்கிறேன் என்பாள். சண்டை போடாதீர்கள் அம்மா. அது ஒரு உயிர்மேல் வைத்த இரக்கம். நம் மரபுக்கு அந்நியமான ஒன்றல்ல. காந்தியும் இந்த மண்ணில்தான், 1912இல், ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டார். கறவை மாடுகளைப் படுத்தும் கொடுமையும் அதற்கு ஒரு காரணம். சில வருடம் கழித்து இந்தியாவில் வயிற்றுக்கடுப்பால் உடல் நைந்துபோனபோது, கஸ்தூரிபா சொல்லி, மனமில்லாமல் ஆட்டுப்பால் குடித்தார். வைட்டமின் பி12ஐ விஞ்ஞானிகள் பிரித்தெடுத்ததே 1948இல்தான். அன்றைக்கு இல்லாத மாத்திரை இன்று உங்கள் மகளுக்கு மருந்துக் கடையில் கிடைக்கிறது.

பி12ஐச் செடி கொடி உண்டாக்குவதில்லை, பாக்டீரியாதான் உண்டாக்குகிறது. நமக்கு அது கறி, மீன், முட்டை, பால் வழியாக வந்து சேர்கிறது. ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் இருக்கும். ஆயாவைக் காப்பாற்றியது அதுதான். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரியச் சில வருடங்கள்கூட ஆகலாம். "ஒரு வருடம் ஆச்சு, எனக்கு ஒன்றும் இல்லையே" என்று உங்கள் மகள் சொன்னால், அது பழைய சேமிப்பைச் செலவழிக்கும் காலம் என்று சொல்லுங்கள்.

இந்த நாட்டில் இருப்பவர்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. 2003 முதல் மக்காச்சோள மாவிலும் ரொட்டி மாவிலும் ஃபோலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம், சில வைட்டமின்கள் சேர்க்க வேண்டும் என்று சட்டம். நல்ல சட்டம். ஆனால் அந்தப் பட்டியலில் பி12 இல்லை. ஃபோலிக் அமிலம் போதுமான அளவு இருந்தால் பி12 குறைவால் வரும் சோகை வெளியே தெரியாமல் போகலாம். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும். நரம்பு மட்டும் மெல்லச் சேதமாகிக்கொண்டிருக்கும். எனவே சாதாரண இரத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையக் கூடாது. பி12ஐத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இட்லி புளிக்கிறதே, ஸ்பைருலினா என்ற பாசித்தூள் இருக்கிறதே என்று கேட்பார்கள். இரண்டையும் நம்ப முடியாது. தினம் 50 மைக்ரோகிராம் சயனோகோபாலமின் (பி12இன் ஒரு வகை) மாத்திரை போதும். அது பாக்டீரியா மூலம் தயாராவது, அவள் கொள்கைக்கு இடையூறு இல்லை. உறையில் ஜெலட்டின் இல்லாததாகப் பார்த்து வாங்கட்டும். கர்ப்பம் தரிக்கும் காலம் வந்தால் ஒரு நாளும் விடக் கூடாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தாயிடம் இருப்பதுதான் கிடைக்கும். பி12 இல்லாத குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறகு மருந்து கொடுத்தாலும் முழுதும் மீளாமல் போகலாம்.

மற்றவை நம் சமையலிலேயே இருக்கின்றன. பீன்ஸ் கறி, பருப்பு, சோயா தினமும் ஏதாவது ஒன்று. கீரையிலும் பருப்பிலும் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக ஏறும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு எள், கேழ்வரகு, கால்சியம் சேர்த்த சோயா பால். இளஞ்சிவப்பு உப்பு வாங்காதீர்கள். 1995 முதல் இங்கே மேசை உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம், சாதாரண உப்பே போதும். ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பும் பீன்ஸ் பன்னியும் பால் சேராததுதான், ஆனால் அதற்கு எடுக்கும் கால் ரொட்டி என்பது ஐந்தாறு துண்டு வெள்ளை ரொட்டி. உங்கள் சர்க்கரைக்கு அது ஆகாது.

இனி உங்கள் விஷயம். மகளைப் பற்றிக் கேட்டு எழுதினீர்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்கு உங்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையும். அதோடு கறியையும் விட்டு 3 வருடம். டீயில் ஊற்றும் கொஞ்சம் பால் அந்த நஷ்டத்தை ஈடுகட்டாது. பாதம் எரிந்தால் "சர்க்கரை நரம்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் அப்படித்தான் பலருக்கு பி12 குறைவு தெரியாமலே போகிறது. சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், பி12ம் காரணமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும். குறைவு என்று வந்தால் ஊசியோ அதிக அளவு மாத்திரையோ கொடுத்துச் சரி செய்யலாம். சீக்கிரம் தொடங்கினால் எரிச்சலும் தணியும்.

இந்த வாரமே இருவரும் சேர்ந்து கிளினிக்குக்குப் போங்கள். இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைத் தொடங்குங்கள். முன்பே விழுங்கிவிட்டால் அளவு உயர்ந்து காட்டி, குறைவு தெரியாமல் போகும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மரத்துப்போவது பாதத்திலிருந்து மேலே ஏறினாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ, நாக்கு புண்ணாகி மறதியும் சேர்ந்தாலோ, சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.